உறுப்பினருக்கு அறை இருக்கிறது, ஓட்டுநருக்கு?

நீலகிரிக்கு வந்து ஓரிரவு தங்கிச் செல்லும் அரசுக் குழுக்களின் பயண நிரலைத் தயாரிக்கும் அலுவலர்களுக்கும், அந்தக் குழுக்களை வரவேற்க நியமிக்கப்படும் தொடர்பு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர், வணக்கம்.

சட்டமன்றக் குழு, நாடாளுமன்ற நிலைக்குழு, மழைச்சேதம் பார்க்க வரும் மத்தியக் குழு, வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரிக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர் என்று ஆண்டு முழுக்க மலைக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். யார் வந்தாலும் நிரலின் அமைப்பு ஒன்றுதான். முன்னுரிமைப்படி பெயர்கள், அறை எண், கூட்டம் தொடங்கும் நேரம், சைவமா அசைவமா என்ற குறிப்பு. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘மற்றும் ஓட்டுநர்கள்’ என்று ஒரு வரி. அந்த வரிக்கு நேரே அறை எண் இருக்காது. இந்த மடல் அந்த வரியைப் பற்றியது. மற்றதெல்லாம் அதை ஒட்டி வருவது.

முதலில் தலைகளை எண்ணுவோம். உறுப்பினர் 12 பேர் என்று கடிதத்தில் இருக்கிறது. செயலகப் பணியாளர் 4, நேர்முக உதவியாளர் 6, பாதுகாவலர் 6, துறை அதிகாரிகள் 5, வண்டி 10 என்றால் ஓட்டுநர் 10. கூட்டினால் 43. அறை போட்டிருப்பது உறுப்பினருக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்து 17. மீதி 26 பேரில் உதவியாளரும் பாதுகாவலரும் யார் அறையிலாவது ஒண்டிக்கொள்வார்கள். ஓட்டுநர் சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணாடியை விரற்கடை இறக்கிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு வண்டியிலேயே படுப்பார். ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். ஜனவரி விடியலில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மறுநாள் காலை அதே ஆள்தான் பத்து வண்டிகளில் ஒன்றை, உறுப்பினர்களோடு, கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறக்க வேண்டும்.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஓர் அளவு வைத்திருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் நடுவில் அரைமணி ஓய்வு, ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குமுன் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. இது தனியார் வாடகை வண்டிக்குத்தான், அரசு ஓட்டுநருக்குப் பொருந்துமா என்ற விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். தூக்கம் வருவது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான்.

வழக்கமான நிரல் ஒன்றை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். காலை 7 மணிக்குக் கோவையில் வண்டி எடுக்கிறார்கள். பகலெல்லாம் ஆய்வு. இரவு விருந்து தங்குமிடத்தில் இல்லை, ஊரின் மறுகோடியில் இன்னொரு ஹோட்டலில். அது முடிய 10.30. கடைசி உறுப்பினரை இறக்கிவிட்டு வண்டியை ஓரங்கட்டும்போது 11.15. மறுநாள் கோவையில் காலை விமானம், அதனால் 5 மணிக்குப் புறப்பாடு. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி வண்டியைச் சூடாக்க ஓட்டுநர் 4 மணிக்கே எழ வேண்டும். முழுசாக ஐந்து மணி நேரம்கூட இல்லை, அதுவும் குளிரில், உட்கார்ந்தபடி. அந்தக் கண்ணோடு இருட்டில், மூடுபனியில், குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்த நிரலை எழுதியவர் எந்த விதியையும் மீறவில்லை. விருந்தையும் விமானத்தையும் மட்டும் பார்த்தார், அவ்வளவுதான்.

திருத்துவது பெரிய காரியம் அல்ல. இரவுச் சாப்பாட்டைத் தங்கும் கட்டடத்திலேயே வையுங்கள். வண்டிகள் 8 மணிக்கு விடுபட்டுவிடும். மறுநாள் புறப்பாடு காலை 7.30-க்கு முன் வேண்டாம், விமானம் பிற்பகலில் இருக்கட்டும். இரவு அவசரத்துக்கென்று ஒரே ஒரு வண்டி, டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டி, பகலில் தூங்கி எழுந்த உள்ளூர் ஓட்டுநருடன் வாசலில் நிற்கட்டும். மற்ற ஓட்டுநர்களுக்கு இருவருக்கு ஓர் அறை, ஆளுக்கு இரண்டு கம்பளி, வெந்நீர், உறுப்பினர் சாப்பிடும் அதே நேரத்தில் சூடான சாப்பாடு. கூடமாக இருந்தாலும் சரி, கட்டில் இருக்க வேண்டும். அது அதே வளாகத்தில், இல்லாவிட்டால் நடக்கிற தூரத்தில். வண்டியைக் காவல் காக்கத்தான் உள்ளே படுக்கிறேன் என்பார் ஓட்டுநர். அது பொய்யும் இல்லை. கண்ணாடி உடைந்தாலும் பொருள் காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். ஆகவே வண்டி நிறுத்தும் இடத்துக்கு இரவுக் காவலர் ஒருவரைப் போட்டு, சாவிகளை வரவேற்பு மேசையில் எண் கட்டி மாட்டச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள், அவராகவே அறைக்குப் போய்விடுவார்.

இறக்கத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதே பாதைதான் உங்கள் குழுவும் இறங்குவது. ஏறும்போது எஞ்சின்தான் திணறும், நின்றுபோனால் தள்ளி ஓரங்கட்டலாம். இறங்கும்போது முழுச் சுமையும் பிரேக்கின் மேல். சமவெளி ஓட்டுநர் டாப் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பர்லியார் வருமுன் பிரேக் பேட் காய்ந்து, கருகிய வாடை காருக்குள் வரும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் சீக்கிரமே கொதிக்கும். குமிழி கட்டிய பிறகு பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். கொண்டை ஊசிக்கு இரண்டாவது கியர், நடுவில் நேர்ச்சாலை கிடைத்தால் மூன்றாவது, அதற்கு மேல் போகவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ‘டி’-யில் விடாமல் ‘எல்’ அல்லது ‘2’-இல் பிடித்து இறக்கச் சொல்லுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆற விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சூடான டிஸ்க் நெளிந்துபோகும்.

இப்போது குழுக்களுக்கு மின்கார்களும் வருகின்றன. அவற்றில் ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. ஊட்டியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கத் தொடங்கினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. மோட்டார் தரும் இழுவைத் தடை குறைந்து, எல்லாச் சுமையும் சாதாரண பிரேக்குக்குப் போய்விடும். 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கோவை போய்ச் சேர அது தாராளம்.

பத்து வண்டியும் ஒட்டி ஒட்டிப் போனால்தான் கான்வாய் என்ற எண்ணத்தை மலையடிவாரத்தில், கல்லாறிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு கொண்டை ஊசியில் ஒரு நேரத்தில் உங்கள் வண்டி ஒன்றுதான் இருக்கலாம். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது சாலை விதி. முன்னால் போகும் பைலட் வண்டி சைரன் போட்டுக்கொண்டு ஏறிவரும் லாரியை ஓரங்கட்டச் சொன்னால், லாரி பாதி வளைவில் நின்று பின்னால் சரியும். கூடும் இடங்களை முன்கூட்டியே எழுதித் தாருங்கள்: கல்லாறு, பர்லியார், காட்டேரி. நடுவில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். கடைசி வண்டியில் மெக்கானிக் ஒருவர், இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை நான்கு, முதலுதவிப் பெட்டி, டார்ச்.

ஏறும் நேரத்துக்கு வருவோம். எங்கள் கணக்கு சூரியன் மறைவதிலிருந்து பின்னோக்கிப் போகும். டிசம்பரில் 6 மணிக்கு இருட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏறக்குறைய 52 கிலோமீட்டர், நிறுத்தாமல் வந்தால் இரண்டு மணி நேரம். ஆக 4 மணிக்குக் கல்லாறு சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்க வேண்டும். கோவை விமான நிலையத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டி எடுத்து, மாலை வாங்கி, படம் எடுத்துப் புறப்பட முக்கால் மணி நேரம். விமானம் 2 மணிக்குள் இறங்க வேண்டும் என்று அர்த்தம். தாமதமானால் குழு அன்றிரவு கோவையிலேயே தங்கட்டும். இந்த மாற்று ஏற்பாட்டை, அறை உட்பட, நிரலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் 6.30 மணிக்கு ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஏறிவிடலாம்’ என்று யாராவது மூத்தவர் சொல்வார், மறுத்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

மைசூர் பக்கத்திலிருந்து வரும் குழுவுக்குக் கடிகாரம் வேறு. பந்திப்பூர், முதுமலைக் காடுகள் வழியே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. ‘அரசுக் குழு’ என்பது ஆம்புலன்ஸ் அல்ல. இருட்டுமுன் மாநில எல்லையான கக்கநல்லாவைத் தாண்டிவிடுவதாகத் திட்டமிடுங்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி. ஏறலாம். ஆனால் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க வெளிமாவட்ட வண்டிகளை விடுவதில்லை. ‘குறுக்கு வழி’ என்று மேப் காட்டுவதை நம்பி மறுநாள் நிரலில் முதுமலைப் பார்வையைச் சேர்த்துவிட்டால், தலைகுந்தாவில் திருப்பி அனுப்பப்பட்டு நடுவட்டம், கூடலூர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். மே மாதச் சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீசன் மாதங்களுக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. கண்ணாடியில் ‘அரசுப் பணி’ என்று தாள் ஒட்டினால் வாடகை வண்டி அரசு வண்டி ஆகிவிடாது. பத்து பதிவெண்ணுக்கும் தனித்தனியாகப் பாஸ் எடுத்து, அச்செடுத்து, அந்தந்த ஓட்டுநர் கையில் கொடுங்கள். அலுவலகக் கோப்பில் இருக்கும் பாஸ் சாவடியில் உதவாது.

ஹெலிகாப்டரில் வந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்பது விசாரணையின் முடிவு. இந்த மலையில் பளிச்சென்ற வெயில் பத்து நிமிடத்தில் பஞ்சுப்பொதியாகிவிடும். ஊட்டியில் தீட்டுக்கல் ஹெலிகாப்டர் தளத்தில் இறங்குவதாக நிரல் இருந்தாலும், சாலைவழித் திட்டம் ஓட்டுநரோடும் வண்டியோடும் கோவையில் தயாராக நிற்க வேண்டும். ‘தேவைப்பட்டால் ஏற்பாடு செய்யப்படும்’ என்று எழுதினால், விமானிக்கு ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டமாகிவிடும்.

இனி இரவு. எல்லாவற்றிலும் இதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

குளிருகிறது என்று விருந்தினர் சொன்னால், இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. உறுப்பினர் அறையில் யாரும் வைக்க மாட்டார்கள், அங்கே ஹீட்டர் இருக்கும். வைப்பது ஓட்டுநரும் காவலரும் படுக்கும் பின்கட்டு அறையில். ஒன்பது மணிக்குப் புகை அடங்கி, கரி சிவந்து, பார்க்க அழகாக இருக்கும்போது உள்ளே எடுத்துவந்து, கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் துணியும் அடைத்துவிடுவார்கள். ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். புகை இல்லாத கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, கால் தளர்வு, தூக்கம். தூக்கத்திலேயே முடிந்துவிடும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்தவருக்கும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்புதான். ‘காட் ரோடு ஒத்துக்கல, படுத்தா சரியாயிடும்’ என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுவார்கள். வித்தியாசம் சொல்கிறோம். மலை ஏறிய குமட்டல் வண்டியை விட்டு இறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் குறையும். அறைக்குள் போன பிறகு தொடங்கினால், அல்லது ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்து வந்தால், அது கரி. கேள்வி கேட்காமல் எல்லாரையும் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து 108-ஐக் கூப்பிட வேண்டும், ஆக்சிஜன் வேண்டும் என்று சொல்லியே கூப்பிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கையில் 98 காட்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரோடு வண்டிக்குள் தூங்குவதிலும், காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் காஸ் கீசரை ஓடவிடுவதிலும் இருப்பது இதே விஷம்தான். பழைய வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் கணப்பு அடுப்பு இருக்கும். புகைபோக்கியில் பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பகலில் பார்த்துவிட்டுத்தான் மூட்ட வேண்டும், படுக்குமுன் முழுசாக அணைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. பூங்கொத்துச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலே எல்லா அறைக்கும் வாங்கிவிடலாம்.

கரி வேண்டாம் என்றால் கரண்ட் ஹீட்டர். அதற்கும் கணக்கு உண்டு. 2,000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அறைகளில் கட்டிலருகே இருப்பது 6 ஆம்பியர் பாயின்ட். அதில் செல்போன் சார்ஜரோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரையும் செருகினால், நடுராத்திரி பிளாஸ்டிக் உருகும் வாடை வரும், மரத்தரையில் அது தீயாகும். 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேராகச் செருக வேண்டும், கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி வைக்க வேண்டும், சன்னலை இரண்டு விரல் திறந்து வைக்க வேண்டும்.

வெந்நீர்ச் சண்டை எல்லாக் குழுவிலும் காலை 6 மணிக்கு நடக்கும். காரணம் எளிது. குழாய்த் தண்ணீர் 12 டிகிரி இருந்தால், 25 லிட்டர் கீசரை 55 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 வாட் காயிலுக்கு ஏறக்குறைய 38 நிமிடம் ஆகும். ஓர் அறையில் இருவர் என்றால், இரண்டாமவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் குளிக்க முடியும். 17 அறையிலும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டால் 34 கிலோவாட். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு மாறினால், அது தருவது 20 கிலோவாட், அவ்வளவுதான். ஜெனரேட்டர் விழுந்து முழுக்கட்டடமும் இருண்டுபோகும். ஒற்றைப்படை அறைகளுக்கு 5 மணி, இரட்டைப்படை அறைகளுக்கு 5.45 என்று முந்தின இரவே சொல்லிவிட்டால் தீர்ந்தது. மூத்த உறுப்பினர் எவரையும் இரட்டைப்படை அறையில் போட்டுவிடாதீர்கள் என்பது மின்பொறியியல் அல்ல, அனுபவம்.

நடைப்பயிற்சி. சென்னையில் தினமும் ஐந்தரைக்கு நடப்பவர் இங்கேயும் அதே நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மாளிகைகளின் வாசலிலேயே காட்டுமாடு மேயும். பார்க்கச் சாதுவாக, மந்தமாக நிற்கும், பக்கம் போய்ச் செல்பி எடுத்தால் ஒரே பாய்ச்சல். கரடி எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையும் சமையலறைக் கதவையும் உடைக்கிற ஊர் இது. விடிந்து வெளிச்சம் தெளிவாக வருமுன், அதாவது 6.45-க்கு முன், வளாகத்தைத் தாண்டக் கூடாது. மிச்ச உணவையும் குப்பையையும் இரவில் வெளியே வைக்கக் கூடாது. சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, தூரமாகவே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை நிச்சயம் வரும். கோத்தகிரி வழி இறக்கம் என்றால் அதற்கும் அரைமணி நேரம் கூடுதலாகப் போடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே சொல். சமவெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்தால், ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும், குக்கர் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இம்மாவட்டத்தில் தடை. சுற்றுலா வந்த குடும்பத்திடம் சாவடியில் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு, கூட்ட மேசையில் அதிகாரிகள் முன் அரை லிட்டர் பாட்டில்களை வரிசையாக வைத்தால் நன்றாகவா இருக்கும்? 20 லிட்டர் கேனும் கண்ணாடிக் குவளையும் போதும்.

உடல்நிலைத் தகவலை உறுப்பினரின் உதவியாளரிடமிருந்து முன்பே வாங்குங்கள்: இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை, எடுக்கும் மருந்து. இன்சுலினைக் கார் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது, மேட்டுப்பாளையம் வெயிலில் கெட்டுவிடும். குமட்டல் மாத்திரை பயணிக்கு, டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு அரைமணி முன்னால். ஓட்டுநருக்கு ஒருபோதும் கிடையாது, தூக்கம் வரும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை தேவையென்றால் கோவைதான், மூன்று மணி நேர இறக்கம். அந்த இரவு வண்டியின் ஓட்டுநர் பகலில் தூங்கியிருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதை நினைத்துத்தான்.

மழை. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையின் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் மறுபடியும் 820. முதலாவது வடகிழக்குப் பருவமழை, குன்னூர், கேத்திப் பக்கம். இரண்டாவது தென்மேற்கு, மேற்குச் சரிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்ப் பாதையை நம்பாதீர்கள், கோத்தகிரிப் பாதையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவலாஞ்சி, அப்பர் பவானி, பந்தலூர்ப் பக்கம் ஆய்வை மாலை 3 மணிக்குள் முடியுங்கள். மாவட்டத்தில் சரிவு அபாயம் உள்ளவை என்று 283 இடங்களை நிர்வாகம் அடையாளம் கண்டிருக்கிறது. நீங்கள் போட்ட தங்குமிடமும் வழியும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று 1077-இல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் சொல்வார்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் இரவுத் தங்கலை ரத்து செய்யுங்கள். சேதம் பார்க்க வந்த குழுவையே மீட்கப் போகிற நிலை வந்தால், நிஜமாகவே வீடிழந்தவர்களுக்குப் போக வேண்டிய ஜே.சி.பி.யும் ஆட்களும் உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

எங்கள் கோரிக்கை ஒரே ஒரு தாள். நிரலின் மூன்றாம் பக்கமாக அதைச் சேருங்கள். பத்து வரிகள், வண்டிக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் வண்டிப் பதிவெண், இ-பாஸ் எண், ஓட்டுநர் பெயர், அவர் இதற்கு முன் மலையில் ஓட்டியிருக்கிறாரா, பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய மாதம், இரவு விடுபடும் நேரம், காலை வண்டி எடுக்கும் நேரம், இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி, படுக்கும் அறையின் எண். கடைசிக்கு முந்திய கட்டத்தில் 9-க்குக் குறைவான எண் வந்தால் நிரலில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தாலும் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் அடுத்த குழுவிலிருந்தே இதைத் தொடங்கலாம். தாளின் மாதிரியை எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நீலகிரி மலைப்பாதைகளில் குழு வண்டிகள் ஓட்டுவோரும், விருந்தினர் மாளிகைகளில் இரவுப் பணி பார்ப்போரும்